பெருவெற்றியும் பின்வருவோரும்: 'பால்டர்ஸ் கேட் 3' பற்றிய ஒரு நோக்கு

ஓர் இலக்கிய வகையில் ஒரு படைப்புப் பெருவெற்றி ஈட்டுமாயின், பின்பற்றுவோர் அதன் உயிரை விட்டு உடையையே முதலில் எடுத்துக்கொள்வர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இதற்குத் தக்க சான்று. பின்வந்தோருட் பலர் சுரங்க வழிகளையும் மாறுவேடங்களையும் பெருக்கினர். அரியணைக்கு உரியவன் அதனை விட்டுக்கொடுக்கும் அறச்சிக்கலைத் தொட்டவர் சிலரே.

கணினி விளையாட்டை இலக்கியத்தோடு ஒருங்குவைத்து நோக்கலாமா என ஐயுறுவோர் இருக்கலாம். ஆயினும், ஆடுபவர் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அதன் வாயிலாகப் பேசியும் போரிட்டும் கதையை நகர்த்தும் விளையாட்டு வகை நாவலுக்கும் கூத்துக்கும் அந்நியமானதன்று. அவ்வகையில் அண்மைக்காலப் பெருவெற்றி, பெல்ஜியத்தின் லேரியன் ஸ்ரூடியோஸ் 2023 ஓகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' ஆகும். 1974இல் அமெரிக்காவில் தோன்றிய, மேசையைச் சுற்றியமர்ந்து ஆடும் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிகளே இதற்கும் அடிப்படை.

அது முழுமையாக வெளிவருமுன்னரே, 2023 யூலையில், சிறு படைப்பாளர் சிலர் ஓர் அச்சத்தைத் தெரிவித்தனர். பல நூறு பேர் பல்லாண்டு உழைத்து, முற்றுப்பெறாத வடிவிலேயே ஏறத்தாழ மூன்றாண்டு விற்று மெருகேற்றிய ஒன்றை இனி அனைவருக்கும் அளவுகோலாக்கலாகாது என்பதே அது. இது இயலாமையின் புலம்பல் என எள்ளப்பட்டது. எள்ளியவர்கள் அவசரப்பட்டனர் என்றே சொல்லவேண்டும். அதே வாரத்தில் வெளிவந்த, ரொறன்ரோவில் உருவான 'வெண்பா', கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 2024 ஏப்ரலில் பிரித்தானியாவின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த விளையாட்டாகப் 'பால்டர்ஸ் கேட் 3'உம், சிறந்த முதற்படைப்பாக 'வெண்பா'வும் ஒரே இரவில் அறிவிக்கப்பட்டன. இரண்டும் ஒரே வகையின அல்ல என்பது உண்மை. ஆயினும், பருமனே தரமாகுமாயின் தமிழர் படைக்கக்கூடிய சிறு ஆக்கங்களுக்கு எவ்வகையிலும் இடமிராது. ஆடுவோர் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. கணினியில் 150 ஜிகாபைட் இடம் வேண்டும் விளையாட்டு, திம்புள்ளயின் லயத்து அறையிற் பிறந்த மாணவனுக்கு எளிதில் எட்டுவதன்று.

எனில், இவ்வெற்றியிலிருந்து கொள்ளத்தக்கது யாது? எண்ணற்ற முடிவுகள் என்பர் பலர். அதுவும் உடையே. இதிற் பேச்சின் வெற்றிதோல்வியை இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது. பொய் பிடிபடலாம், இரப்பு மறுக்கப்படலாம். ஆனால் தோல்வியோடு ஆட்டம் பெரும்பாலும் முடிவதில்லை. தோற்றவனின் கதை வேறொரு வழியிற் செல்கிறது. இதுவே இவ்வாக்கத்தின் உயிர்நிலை. அதற்கு ஊறும் இதற்குள்ளேயே இருக்கிறது: பகடை பிடிக்காவிடின், சேமித்துவைத்த இடத்துக்கு மீண்டு மறுபடி உருட்டலாம். மீளக்கூடிய தோல்வி தோல்வியாகாது.

இவ்விடத்திற் காமன் கூத்து நினைவுகூரத்தக்கது. தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலாளரோடு வந்து, மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் அக்கூத்தில் முடிவு ஒன்றே. சிவனின் நெற்றிக்கண்ணாற் காமன் எரிவான் என்பது தலவாக்கலையிலும் லிந்துலையிலும் சிறுவருக்கும் தெரிந்த கதை. (தமிழகத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என வழக்காடுவர், அது பாட்டில் நிகழும் வாதம்.) முடிவு தெரிந்திருந்தும் கூடியிருப்போர் இரதியின் புலம்பலிற் கலங்குவது ஏன்? மதனாகவும் இரதியாகவும் ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் இருக்கின்றனர். காப்புக் கட்டியவர் இடையில் விலகுவதில்லை. ஏற்ற பாத்திரத்துக்குக் கனத்தைத் தருவது அந்தக் கட்டுப்பாடே. முடிவுகளின் எண்ணிக்கை அன்று.

லேரியனும் இதனை உணர்ந்தது போலும். 2023 நவம்பர் இறுதியில் அது சேர்த்த 'ஒனர் மோட்' என்னும் ஆட்டமுறையிற் சேமிப்பு ஒன்றே. பழைய நிலைக்கு மீள வழியில்லை. அதுவும் ஒருவகைக் காப்பே. ஆயினும் அது விரும்புவோருக்கான தனிமுறையாக ஓரத்தில் நிற்கிறது. பின்வருவோர் அதனை நடுவுக்குக் கொணர்வாராயின், பத்துப் பேர் கொண்ட குழுவும் இவ்வகையிற் புதியதைச் செய்யலாம். அதற்கு 150 ஜிகாபைட்டும் வேண்டியதில்லை.