கச்சானுக்கு எதிரே ஏறும் ஆட்டம்

மே மாதம் கச்சான் காற்று எழும்பினால் கற்பிட்டிப் பக்கம் கடற்தொழில் படுத்துவிடும். மேற்குக் கடல் கொந்தளிக்கும். இந்தக் கரையோர மீனவர்களில் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி போடப் போய்விடுவார்கள். அதே காற்றை நம்பித்தான் ஒக்டோபர் வரை, பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் ஓடும் கைட் சேர்ஃபிங் ஆட்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

இடவாகு அப்படி. கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அது அலையை மறிக்கும், காற்றை மறிக்காது. 20 நொட் காற்றிலும் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும்.

இந்த ஆட்டத்தின் நுட்பங்கள் பலவும் விழுந்து எழும்பியதில் பிறந்தவை. தண்ணீரில் விழுந்த பட்டம் மறுபடி எழும்பாது என்பதுதான் ஆரம்பத்தில் பெரிய தொல்லை. பிரான்ஸின் லெகென்யூ சகோதரர்கள் 1984இல் காற்றடைத்த குழாய் வைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கேட்டது அதற்காகத்தான். இன்று ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் பட்டம் தண்ணீரில் ஊர்ந்து ஓரத்துக்குப் போய் எழும்பிவிடும்.

காலிலிருந்து பலகை கழன்றுவிட்டால் கதை வேறு. பட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பலகையோ காற்று வரும் பக்கத்தில் பின்தங்கி மிதக்கும். புதியவர் நீந்திப் பார்ப்பார், பட்டம் விடாது. பழகியவர் ஒரு கையால் பட்டத்தைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, மற்றக் கையை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். உடம்பே சுக்கான். கொஞ்சத் தூரம் இடப்பக்கம், திரும்பி வலப்பக்கம் என்று வெட்டி வெட்டி எதிர்க்காற்றில் ஏறிப் பலகையை எட்டிவிடுவார். பாய் விரித்து வள்ளம் ஓட்டியவர்களின் பேரன்மார் இதைச் சுருக்காகப் பிடித்துக்கொண்டால் ஆச்சரியமில்லை. ஓர் ஆட்டக்காரரை எடைபோட எனக்கு இது போதும். கரையில் நிற்பவர்கள் கைதட்டுவது உயரப் பாய்ச்சலுக்குத்தான். அது தட்டைத் தண்ணீர் தரும் சலுகை.

ஒலிம்பிக் அந்தச் சலுகையைத் தராது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் முதன்முறையாகச் சேர்ந்தபோது, மார்செய் கடலில் காற்றில்லாமல் ஓட்டங்கள் தள்ளிப்போயின. அங்கே ஓடியது ஃபொயில். பலகைக்கு அடியில் இறக்கை பூட்டியது. மெல்லிய காற்றிலும் தண்ணீரை விட்டு மேலெழும்பும். வெண்கலம் வென்ற மெக்ஸ் மேடருக்கு அப்போது வயது 17, நாடு சிங்கப்பூர். சின்னத் தீவு என்ற சாக்கு நமக்கு இனி எடுபடாது.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று நம் சுற்றுலா அடுத்தடுத்து அடி வாங்கியது. பயணிகளை மட்டுமே நம்பிய ஆட்டம் அவர்களோடு சேர்ந்து முடங்கும். போட்டி ஓட்டத்துக்கென்று தனி ஏற்பாடு வேண்டும். ஏப்ரலிலும் நவம்பரிலும் காற்று மெலிந்து கிடக்கும்; சீசன் முடிந்தது என்று பட்டங்களை மடித்துக் கட்டிவிடுகிறோம். மார்செயில் ஓட வேண்டியிருந்ததும் அப்படி மெலிந்த காற்றில்தான். பொதுவில் நாலு ஃபொயிலும் களப்பில் சில மிதவைகளும் இருந்தால் அந்த வாரங்களிலேயே ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.