விலை இறங்கும், செலவு இறங்காது

சென்னையில் எழுபது லட்ச ரூபாய் கொடுத்துச் சாலைக்கு இறக்கிய ஜெர்மானிய செடான், ஆறேழு ஆண்டுகளில் புதிய இன்னோவா ஒன்றின் விலைக்கும் கீழே வந்துவிடுவது வழக்கம். கொழும்பிலோ 2019 இல் வாங்கிய ஒரு சாதாரண வேகன் ஆர், 2022 இல் வாங்கிய விலைக்கு மேல் விற்றது. இரண்டு நாடுகளிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். இரண்டிலும் அதே மெர்சிடிஸ், அதே பி.எம்.டபிள்யூ., அதே ஆடி. ஆனாலும் பழைய கார் சந்தை பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு விதமாகவும் இந்தப் பக்கம் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது.

ஆடம்பரம் என்றாலே நஷ்டம்தான் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது உண்மையானால், கோடிக்கணக்கில் விலைபோகும் டொயோட்டா பிராடோ இலங்கையில் ஏன் விலை குறையாமல் நிற்கிறது? இரண்டு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு விடை துலங்குகிறது. பழைய காரின் விலையை அதன் வயதைவிட, அடுத்து அதைக் கட்டிக் காப்பாற்றத் துணிவோரின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. வேகத்துக்காகச் செய்யப்பட்ட சொகுசுக் காருக்கு அந்த எண்ணிக்கை மளமளவென்று சுருங்குகிறது.

காரணம் காரின் உள்ளேயே இருக்கிறது. இரட்டை டர்போ, ஏர் சஸ்பென்ஷன், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், கார்பன் செராமிக் பிரேக், பத்துக் கணக்கில் கணினிப் பெட்டிகள் எல்லாம் முதல் உரிமையாளருக்கு இன்பம்; வாரண்டி முடிந்த பின் வருபவருக்குக் கவலை. 2005 முதல் 2010 வரை வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து லிட்டர் வி10 எஞ்சின், 507 குதிரைத் திறன். பந்தயக் காரின் குரலோடு நான்கு பேரைச் சுமந்து செல்லும் அந்தக் காரைப் பாராட்டாத விமர்சகர் அரிது. ஆனால் அதன் கனெக்டிங் ராட் பேரிங்குகள் விரைவில் தேய்கின்றன, அதன் எஸ்.எம்.ஜி. கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப் பழுதாகிறது என்பதும் உலகறிந்த செய்தி ஆயிற்று. காரின் விலை பாதியாகலாம், கால்வாசியாகலாம். அந்தப் பேரிங்கை மாற்றும் கூலியும் பாகத்தின் விலையும் புதுக் காருக்கு உள்ளவைதாம். யானையை மலிவாக வாங்கினாலும் தீனி குறைவதில்லை.

இந்தியா: வந்துகொண்டே இருக்கும் புதுக் கார்

இந்தியாவில் இந்த இறக்கத்தை வேகப்படுத்துவது புதுக் கார்களின் தடையற்ற வரத்து. பி.எம்.டபிள்யூ. 2007 இல் சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை திறந்தது. மெர்சிடிஸ் புனே அருகே சாக்கனில் கார்களைப் பூட்டுகிறது. முழுதாகக் கட்டப்பட்ட விலையுயர்ந்த வெளிநாட்டுக் காருக்குச் சுங்க வரி நூறு சதவீதத்தைத் தாண்டும். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி பெருமளவு குறையும். ஆகவே இறக்குமதியாக வந்துகொண்டிருந்த ஒரு மாடல் உள்ளூரில் பூட்டப்படத் தொடங்கும் நாளே பழைய வண்டிக்காரருக்குக் கெட்ட நாள். 2024 இல் ரேஞ்ச் ரோவர் இந்தியாவில் பூட்டப்படும் என்ற அறிவிப்போடு அதன் விலை 18 முதல் 22 சதவீதம் குறைந்தது. முந்தைய ஆண்டு முழு விலை கொடுத்து வாங்கியவரின் காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதன் மறுவிற்பனை விலை அன்றே சரிந்தது.

2025 செப்டம்பர் 22 அன்று இதுவே நாடு முழுவதும் நடந்தது. அதுவரை பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை போனது. அன்று முதல் 40 சதவீதம். ஷோரூம் விலை பல லட்சம் இறங்க, பழைய காரும் கூடவே இறங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்கான சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறது. நாளை மலிவாகும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும் சந்தையில் இன்று அதிக விலை கொடுப்பவர் யார்?

அடுத்த காரணம், கார் யார் பெயரில் இருக்கிறது என்பது. கம்பெனிப் பெயரில் வாங்கினால் ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானத்தையும் கடன் வட்டியையும் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம். அப்படி வாங்கியவர்கள் வாரண்டி முடியும் தறுவாயில், மூன்று நான்கு ஆண்டுகளில், அடுத்த மாடலுக்குப் போகிறார்கள். ஒரே வயதுள்ள, ஒரே மாதிரியான கார்கள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து குவிகின்றன.

மூன்றாவது, சட்டம் விதிக்கும் ஆயுள். டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 இல் அதை உறுதிசெய்தது. சொகுசுக் கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்த காலம் அது. ஏழெட்டு வயதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கிக்கொண்டு தெற்கே வந்தன. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் சொன்னபோது, பலர் தங்கள் கார்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

இலங்கை: சாத்தப்பட்ட வாசல்

இலங்கையில் கதையின் தலைப்பே வேறு. அங்கே சந்தையைக் கார் ஆலைகள் நடத்துவதில்லை, துறைமுகம் நடத்துகிறது. ஜப்பானில் ஓரிரு ஆண்டுகள் ஓடி, மூன்று வயதுக்குள் வந்திறங்கும் ரீகண்டிஷன் வாகனங்களே சந்தையின் முதுகெலும்பு. எனவே ஒரு பழைய காரின் விலையை நிர்ணயிப்பது அதைப் போன்ற இன்னொன்றை இன்று இறக்கினால் என்ன செலவாகும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கை 2020 மார்ச் முதல் போடவே முடியவில்லை. அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 இல் ரூபாய் வீழ்ந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ஐத் தொட்டது. புதிதாக எதுவும் வராத நாட்டில், ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு காரும் சேமிப்பாக மாறியது.

சொகுசுக் காரும் இந்த அலையில் ரூபாய்க் கணக்கில் ஏறியது உண்மை. அந்த ஏற்றத்தை உரசிப் பார்க்க வேண்டும். ஒருவர் 2019 இல் இரண்டு கோடிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். டொலர் 180 ரூபாய் என்றால் அது 1,11,000 டொலர். 2023 இல் மூன்று கோடிக்கு விற்கிறார். டொலர் 320 ரூபாய். கையில் வருவது 94,000 டொலருக்கும் குறைவு. ஒரு கோடி இலாபம் கண்டவர் உண்மையில் இழந்திருக்கிறார். இந்தியாவில் கண்ணுக்குத் தெரிந்து நடக்கும் இழப்பு, இலங்கையில் நாணயத்தின் வீழ்ச்சிக்குப் பின்னால் மறைந்து நடந்தது.

வாசல் திறந்தபோது வரி உயர்ந்தே நின்றது. உற்பத்தி வரி எஞ்சினின் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் கணக்கிடப்படுகிறது. எஞ்சின் பெருக்கப் பெருக்க வீதமும் கூடுகிறது. அதற்கு மேல் சொகுசு வரி: பெற்றோல் காரின் இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு நூறு சதவீதம். இரண்டு கோடிப் பெறுமதியான காருக்குச் சொகுசு வரி மட்டும் ஒன்றரைக் கோடி. சுங்கத் தீர்வையும் வற் வரியும் தனி. இந்தியாவின் கொள்கை புதுக் காரை மலிவாக்கும் திசையில் நகர, இலங்கையின் கொள்கை விலையேற்றும் திசையில் நிற்கிறது. இலங்கையில் இறக்கம் மெதுவாக இருப்பதன் பெரும் காரணம் இது.

அதற்கு முன்பே, இறக்குமதித் தடை என்ற மதிலுக்குள்ளும் வேகக் காருக்குத் தனிச் சோதனை வந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டால் 2022 ஓகஸ்டில் கியூ.ஆர். அட்டைப் பங்கீட்டு முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லிட்டர் எரிபொருள். நகர நெரிசலில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் போகும் வி8 காருக்கு அது 120 கிலோமீட்டர். வங்கிகள் இறக்குமதிக்கான கடன் கடிதம் திறக்கத் திணறிய அந்த மாதங்களில், ஓர் ஏர் சஸ்பென்ஷன் கம்பிரஸருக்காகக் கார்கள் கராஜில் காத்துக் கிடந்தன. அரசே இந்தப் பாரத்தை ஒப்புக்கொண்டது: 2025 வரவுசெலவுத் திட்ட உரையில், பராமரிப்புச் செலவு மிகுந்த அரசின் சொகுசு வாகனங்கள் ஏலம் விடப்படும் என்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தார், ஏலமும் நடந்தது.

இரு கரைக்கும் பொதுவான உரைகல்

இப்போது பிராடோவுக்குத் திரும்புவோம். பிராடோவுக்கும் அதே மதில், அதே வரி, அதே எரிபொருள் பங்கீடு. ஆனால் அதன் கோளாறை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஒரு மெக்கானிக் கண்டுபிடிப்பார். பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். இந்தியாவில் பார்ச்சூனர், இன்னோவா நிலையும் இதுதான். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் தேவையானது அகப்படும். இறக்குமதித் தடை இல்லாத நாட்டிலும் இருந்த நாட்டிலும் விலையைக் காத்துக்கொண்டவை ஒரே வகை வண்டிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாடும் வரியும் மாறினாலும், எங்கேயும் எவரும் பழுதுபார்க்கலாம் என்ற நம்பிக்கைக்குச் சந்தை கொடுக்கும் விலை மாறவில்லை.

வேக சொகுசுக் காருக்கு அந்த நம்பிக்கை தொழில்நுட்பத்தாலேயே மறுக்கப்படுகிறது. புதுப்பேட்டையிலோ பஞ்சிகாவத்தையிலோ கியர்பாக்ஸ் கிடைத்தாலும், அதன் கணினிப் பெட்டியைக் கோடிங் செய்து காருக்கு அறிமுகப்படுத்தும் வரை அது வேலை செய்யாது. அந்தக் கருவியும் அனுமதியும் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்திடம். சென்னை, கோவை போன்ற நகரங்களில் அது எட்டும் தூரம். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் கொழும்பு வரை கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் பயணம்.

இந்த விலைச் சரிவில் பணக்காரர் இழப்பதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவர் அதைக் கணக்கில் எழுதிவிடுவார். கவலை, இரண்டாவது மூன்றாவது கையில் வாங்கும் சிறு வியாபாரியையும் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்துத் திரும்பியவரையும் பற்றியது. முப்பது லட்சத்துக்குக் கிடைக்கிறதே என்று கடன் வாங்கியோ லீசிங்கிலோ எடுப்பவர், எழுபது லட்சக் காரின் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். இறங்கிய விலை அவருக்குத் தள்ளுபடியாகத் தெரிகிறது. அது முன்கூட்டியே அவருக்கு விதிக்கப்பட்ட பழுதுச் செலவு.

ஆகவே வாங்குபவர் செய்ய வேண்டிய கணக்கு இரு நாட்டுக்கும் ஒன்றே. ஆண்டுப் பராமரிப்புக்கான பணத்தை, காரின் புது விலையை அடிப்படையாக வைத்து ஒதுக்க வேண்டும். முழுச் சேவைப் பதிவேடு இல்லாத வேகக் காரை எந்த விலைக்கும் தொடக் கூடாது. வாங்கும் முன் கணினிப் பரிசோதனைக்கு அதைச் சேவை நிலையத்தில் நிறுத்த மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

மீதி கடமை அரசுகளுடையது. பழுதுபார்க்கும் கருவியையும் கோடிங் மென்பொருளையும் நியாயமான கட்டணத்தில் வெளிக் கராஜ்களுக்கும் தர வேண்டும் என்று சட்டம் செய்தால், புதுப்பேட்டை மெக்கானிக்கும் பஞ்சிகாவத்தை மெக்கானிக்கும் இந்தக் கார்களைத் தொட முடியும். தொட முடிந்தால் வாங்குவோர் பெருகுவார்கள், விலை நிற்கும், இன்னும் இருபது ஆண்டுகள் ஓடக்கூடிய எந்திரங்கள் பத்தே ஆண்டுகளில் குப்பைக்குப் போகாது. வரியைக் கூட்டியும் குறைத்தும் இரு அரசுகளும் கார் விலையை எவ்வளவோ ஆட்டிப் பார்த்துவிட்டன. பழுதுபார்க்கும் உரிமையை மக்கள் கையில் கொடுத்துப் பார்க்கும் வேலைதான் பாக்கி.