செய்பவனே சரக்கு: ஒரு கணினி விளையாட்டின் கைத்தொழில்கள் குறித்து

விளையாட்டு எதையும் உற்பத்தி செய்வதில்லை என்று 1958இல் ரோஜே கயுவா எழுதினார். அதற்கு இருபது வருஷம் முன்பே, 1938இல், ஹுய்சிங்கா விளையாட்டைப் பொருளாதார லாபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தார். இந்த இரண்டு வரையறைகளையும் கையில் வைத்துக்கொண்டு 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டுக்குள் நுழைகிறவருக்குத் தலை சுற்றும். பிலிஸ்ஸார்ட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட விளையாட்டு இது. ஏராளமான பேர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகில் உலவுகிறார்கள். அரக்கர்களைக் கொல்வது போக, சுரங்கம் தோண்டுகிறார்கள், மூலிகை பறிக்கிறார்கள், செம்பு உருக்குகிறார்கள், துணி தைக்கிறார்கள். வேலை முடித்து வீட்டுக்கு வந்தவன் மறுபடி வேலைக்குப் போகிறான், அதுவும் மாதச் சந்தா கட்டி. ஏன் போகிறான் என்பதை உளவியல்காரர்களுக்கு விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 'தொழில் கற்றல்' என்பதை இந்தப் பிரதி எப்படிக் கட்டமைக்கிறது? அதன் முடிவில் உண்மையில் உருவாவது எது?

முதல் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2019இல் 'கிளாசிக்' என்ற பெயரில் அதை மறுபடி திறந்தார்கள்; நான் ஆடியதும் அதைத்தான். முதன்மைத் தொழில்கள் ஒன்பது. அவற்றில் ஒருவர் இரண்டைத்தான் வைத்துக்கொள்ளலாம். சமையல், மீன்பிடித்தல், முதலுதவி மூன்றும் உபதொழில்கள்; எல்லோருக்கும் உண்டு. ஒன்பதில் மூன்று சேகரிப்பவை: சுரங்கம், மூலிகை, தோலுரித்தல். மற்றவை செய்பவை. ஆகவே சோடி சேர்க்க வேண்டும். கொல்லனுக்குச் சுரங்கம், ரசவாதிக்கு மூலிகை, தோல்வேலைக்காரனுக்குத் தோலுரித்தல். தையல்காரனுக்குச் சேகரிக்கும் தொழில் வேண்டாம். கொல்லப்பட்ட மனிதவுருக்களின் உடலிலிருந்தே துணி கிடைத்துவிடும். புதிதாக வருபவனுக்குப் பழையவர்கள் சொல்லும் யோசனை இன்னும் கறாரானது: முதலில் இரண்டுமே சேகரிக்கும் தொழிலாக எடு, கிடைப்பதை ஏலக்கடையில் வில்லு, காசு சேர்ந்த பிறகு எதையாவது செய்யலாம். இந்த யோசனைக்குள் ஒரு முழு அரசியல் பொருளாதாரம் இருக்கிறது.

நான் எடுத்தது சுரங்கமும் கொல்லும். கொல்லனின் திறன் 1இல் தொடங்கி 300இல் முடியும் ஓர் எண். செய்முறைகளை ஆசானிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு நிறம் உண்டு. ஆரஞ்சு என்றால் செய்ததும் எண் நிச்சயம் ஏறும், மஞ்சள் என்றால் பெரும்பாலும், பச்சை என்றால் எப்போதாவது, சாம்பல் என்றால் ஏறவே ஏறாது. இரண்டு செம்புப் பாளம் போட்டால் ஒரு சோடி முன்கைக் கவசம். உலையில் பாளம் உருக்கி, பட்டடைக்குப் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் போதும், சம்மட்டி தானே அடிக்கும். இப்படிப் பத்து, இருபது சோடி. யாருக்கு? யாருக்குமில்லை. அந்தக் கவசத்தைவிட அதில் கரைந்துபோன பாளத்துக்கே ஏலக்கடையில் அநேகமாக விலை அதிகம். விற்றாலும் நூற்றுக்கு ஐந்து கடைக்குப் போய்விடும். அதனால் செய்ததையெல்லாம் அற்பக் காசுக்குக் கணினி வியாபாரியிடம் தள்ளிவிடுகிறோம்.

அப்படியானால் இங்கே உற்பத்தியானது எது? கவசம் அல்ல, எண். உழைப்பு பொருளைக் கழிவாகத் தள்ளிவிட்டு உழைப்பாளியை விளைபொருளாக எடுத்துக்கொள்கிறது. பொருள்தான் உபபொருள். இதுதான் இந்த விளையாட்டின் மையமான தலைகீழாக்கம் என்று நினைக்கிறேன்.

தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிட்ட மார்க்ஸ், மனிதன் கட்டுவதற்கு முன் மனதில் கட்டிவிடுகிறான் என்பதை வேறுபாடாகக் காட்டினார். நவீன ஆலையில் யோசிப்பவனும் செய்பவனும் வேறுவேறாகப் பிரிக்கப்பட்டதை 1974இல் ஹாரி பிரேவர்மன் விரித்து எழுதினார். இங்கே அந்தப் பிரிவினை பூரணம். யோசித்தது நிறுவனம், நாம் அழுத்துகிறோம், அவ்வளவுதான். முதல் கவசத்துக்கும் நூறாவது கவசத்துக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. நிஜப் பட்டறையில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் கை படியும். இங்கே ஒன்று பழகிவிட்டால் அது சாம்பல். கைப்பழக்கம் என்ற கருத்தாக்கத்துக்கே இடமில்லை.

இன்னொன்றும் இல்லை: பயன்படுத்துகிறவனோடு உறவு. சண்டையில் ஆயுதம் தேய்கிறது. அதைச் செப்பனிடுபவன் கொல்லனல்ல, கணினி வியாபாரி. செய்த பொருளில் 'இன்னார் செய்தது' என்று பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் இருக்கிறது, ஆள் வேண்டாம். இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 1997இன் 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில் கொல்லர்கள் பிறரின் ஆயுதங்களைச் செப்பனிட்டார்கள். 2003இல் வந்து 2011இல் மூடப்பட்ட 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ்' விளையாட்டின் தொடக்க வருஷங்களில் பொருள்கள் தேய்ந்து தீர்ந்தன. ஆகவே செய்பவனைத் தேடி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். தேய்மானம் அங்கே ஒரு சமூக உறவு.

சரி, பிறப்பு? யாரும் எந்தத் தொழிலையும் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் ஒரே அழுத்தில் துறக்கலாம். குலத்தொழிலின் சுமை தெரிந்த நமக்கு இது லேசான விஷயமல்ல. தொல்காப்பியத்தில் தொழில் நிலத்துக்குரிய கருப்பொருள். சாதி அதைப் பிறப்போடு கட்டியது. இங்கே இரண்டு கட்டும் அவிழ்ந்தது என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் கூர்ந்து பாருங்கள். 'நோம்' இனத்தில் பிறந்தவனுக்குப் பொறியியலில் 15 புள்ளி கூடுதல். 'டாரன்' இனத்தானுக்கு மூலிகையில் 15. வாசலில் விரட்டப்பட்ட பிறப்பு கொல்லைப்புறமாக வந்து சேர்கிறது, 'இயல்பான திறமை' என்ற பெயரில். கற்பனை உலகத்துக்குக்கூட இந்தச் சொல்லாடல் தேவைப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆயினும் இந்தப் பிரதியில் ஓர் ஓட்டை இருக்கிறது, தையல்காரனின் பக்கம். இரண்டு லினன் துண்டு ஒரு துணிச்சுருள். மூன்று சுருளும் கடையில் வாங்கிய மூன்று நூலும் சேர்ந்தால் ஆறு பொருள் கொள்ளும் ஒரு பை. திறன் 45 வந்தாலே செய்யலாம். ஒரே முதுகுப்பையோடு பிறக்கும் இந்த உலகின் மனிதர்களுக்கு இந்தப் பை நிஜமாகவே வேண்டும். ஏலக்கடைக்குப் போகாமல், கூட ஆடுகிறவனிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கலாம். அப்போது எண்ணும் ஏறுகிறது, பையும் வீணாவதில்லை. 2022இல் 'டிராகன்ஃப்ளைட்' விரிவாக்கத்தில் பொருளுக்குத் தர வேறுபாட்டையும், ஆள் கேட்டுச் செய்விக்கும் 'ஆர்டர்' முறையையும் நிறுவனமே கொண்டுவந்தது. பதினெட்டு வருஷம் கழித்துப் பொருளைக் கேட்பவன் ஒருவன் பட்டறை வாசலுக்கு வந்திருக்கிறான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எந்தத் தொழில் லாபம் என்று கேட்காதீர்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இதை விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. யாருக்கும் வேண்டாத கவசங்களை அடித்துத் தள்ளித் தங்கள் எண்ணை ஏற்றிக்கொள்கிறவர்களை நம் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் தினமும் பார்க்கிறோம். அவர்கள் சந்தா கட்டுவதில்லை, சம்பளம் வாங்குகிறார்கள்.