ஆகோர் பள்ளத்தாக்கும் நமது பிரசங்கமும்

யோசுவாவின் புத்தகம் 7-ஆம் அதிகாரம் நமது உபவாசக் கூட்டங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் பகுதியாகும். சபையில் நோயோ, நஷ்டமோ, பிரிவினையோ தோன்றும்போது, பாளயத்தில் இருக்கும் ஆகான் யார் என்னும் கேள்வி எழுப்பப்படுகிறது. கேட்போர் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்குகின்றனர். பெரும்பாலும் செல்வாக்கற்ற ஒருவர்மீதே அந்த ஐயம் வந்து தங்குகிறது. இவ்விளக்கத்தைத் திருமறைப் பகுதி தாங்குமா என்பதை ஆராய்வது நமது கடமையாகும்.

எரிகோவின் கொள்ளையில் ஆகான் ஒரு பாபிலோனியச் சால்வையையும், 200 சேக்கல் வெள்ளியையும், 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளத்தையும் கவர்ந்து தன் கூடாரத்தில் புதைத்தான். இஸ்ரவேலர் ஆயி பட்டணத்தாரின் முன் முறிந்தோடினர். ஏறக்குறைய 36 பேர் மாண்டனர். ஆகான் குற்றவாளி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதல் வசனம் குற்றத்தை இஸ்ரவேல் புத்திரர் அனைவர்மீதும் சுமத்துகிறது. 11-ஆம் வசனத்தில் ஆண்டவரும் அவ்வாறே பேசுகிறார். மேலும், சிறு படையே போதும் என்று வேவுகாரர் சொன்னபோது, யோசுவா ஆண்டவரிடம் விசாரித்ததாக ஒரு சொல்லும் இல்லை. ஆகவே ஒருவனைச் சுட்டிக்காட்டி, மற்றோர் தம்மைக் குற்றமற்றவரென எண்ணிக்கொள்ள இப்பகுதி இடந்தரவில்லை.

ஆகான் தன் அறிக்கையில் கண்டதையும், இச்சித்ததையும், எடுத்ததையும் வரிசையாகச் சொல்கிறான். இம்மூன்றுக்கும் உரிய எபிரெய வேர்ச்சொற்கள் ஆதியாகமம் 3:6-இலும் உள்ளன. அவன் நமக்கு அந்நியனல்லன்; மனிதகுலத்தின் பழைய கதையையே அவன் தன் கூடாரத்தில் மீண்டும் நடத்தினான். அவனை வெளிப்படுத்தியதும் யோசுவாவின் ஊகமன்று. ஆண்டவரே அவனைக் குறித்துக் காட்டினார். அப்போதும் யோசுவா அவனை "மகனே" என்றே அழைக்கிறான். நமது பிரசங்கங்களில் இச்சொல் ஏனோ கேட்கப்படுவதில்லை.

இப்பகுதியில் ஒரு கடினம் உண்டு, அதை மறைத்தலாகாது. ஆகானுடைய குமாரரும் குமாரத்திகளும் அவனோடு கொண்டுபோகப்படுகின்றனர். பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படலாகாது என்று உபாகமம் 24:16 விதிக்கிறது. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் அதையே விரித்துரைக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் மற்றோரைவிடப் பாவிகளல்லர் என்றார் நமது ஆண்டவர். துன்பத்தைக் கண்டவுடன் குற்றவாளியைத் தேடும் வழக்கத்தைத் திருமறையே இவ்விதம் கண்டிக்கிறது. ஒரு பகுதியை மாத்திரம் எடுத்து மற்றவற்றைக் கைவிடுவது திருமறைக்கு உண்மையாயிருத்தல் அன்று.

முந்திய அதிகாரத்தில் கானானியப் பெண்ணாகிய ராகாப் குடும்பத்தோடு காப்பாற்றப்படுகிறாள். இங்கோ யூதா கோத்திரத்தானின் வம்சவரிசை முழுவதும் கூறப்பட்டு, அவன் அழிகிறான். இறைவனின் நியாயத்தீர்ப்பு பிறப்பைப் பார்ப்பதில்லை. சாதிப் பெருமையைச் சபைக்குள்ளும் சுமந்து திரியும் நமக்கு இது சிறிய எச்சரிக்கையன்று. ஆகானைத் தேடுவோர் முதலில் தேடவேண்டிய கூடாரம் இதுவே.

கதை கற்குவியலோடு முடிகிறது. அவ்விடம் ஆகோர் பள்ளத்தாக்கு எனப்பட்டது. கலக்கம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த பெயர் அது. ஆனால் அதே பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாக்குவதாக ஆண்டவர் சொல்வதை ஓசியா 2:15-இல் வாசிக்கிறோம். ஏசாயா 65:10 அதை மந்தைகள் இளைப்பாறும் இடமாகக் காண்கிறது. தீர்க்கதரிசிகள் பாவத்தைச் சிறிதாக்கவில்லை. கலக்கத்தின் பெயரை மாற்றவுமில்லை. அந்தப் பெயரோடேயே அங்கு வாசல் திறக்கப்படுகிறது.

ஆகவே கற்குவியலோடு நின்றுவிடும் பிரசங்கம் பாதி வாசிப்பேயாகும். ஆகானைக் குறித்துப் பேசும் ஆயர், தம்மையும் இஸ்ரவேலோடு சேர்த்து எண்ணி, பாவியை மகனென்று அழைத்து, பள்ளத்தாக்கின் மறுமுனையிலுள்ள வாசலையும் காட்டுவாராக.