பேயை வைத்துப் பிழைக்கும் ஊர்கள்

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் நார்த் டாரிடவுன் என்றொரு சிற்றூர் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலைதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஊரார் வாக்களித்து ஊரின் பெயரை ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டார்கள். வாஷிங்டன் இர்விங் 1820-இல் எழுதிய கதையில், தலையில்லாத குதிரைவீரன் இரவில் துரத்தி வருவானே, அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் அது. இர்விங் அடக்கமாகியிருப்பதும் இங்கேதான். ஊர்ப் பள்ளியின் விளையாட்டு அணிக்கும் தலையில்லாக் குதிரைவீரன்தான் சின்னம். இப்போது அக்டோபர் மாதம் வந்தால் வெளியூர்க் கூட்டம் அலைமோதுகிறது. ஆலை போன இடத்துக்குப் பேய் வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அமெரிக்க வட்டார வழக்காறுகள் பற்றிய ஆய்வு நெடுங்காலம் இப்படிப்பட்ட ஊர்களைக் கண்டு முகம் சுளித்தது. 1888-இல் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் கழகம் தொடங்கப்பட்டபோது, மறைந்துகொண்டிருப்பதைக் காப்பாற்றுவதே நோக்கமாக இருந்தது. பூர்வகுடிகளின் கதைகள், தென்மாநிலக் கறுப்பர்களின் பாடல்கள், ஆங்கிலேயக் குடியேறிகளின் பழைய கதைப்பாடல்கள் எல்லாம் சேகரிக்கப்பட்டன. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லா எழுத்தாளர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களில் ஜோரா நீல் ஹர்ஸ்டனும் ஒருவர். அதற்கு முன்பே, 1935-இல், தான் வளர்ந்த ஃபுளோரிடா மாநில ஈட்டன்வில் கிராமத்தின் கதைகளை நூலாக்கியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து கதை அளப்பவர்களோடு தானும் உட்கார்ந்து எழுதிய நூல் அது. சேகரிப்பவரும் ஊர்க்காரராக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்றும் அதுவே நல்ல சான்று.

தமிழில் நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்களுக்கு அமெரிக்க வழக்காற்றியலாளர் ரிச்சர்ட் டோர்சன் புதிய பெயர் அல்ல. 1950-இல் அவர் ஒரு கோடு கிழித்தார். மக்கள் வாயில் வழங்குவது வழக்காறு; வணிகர்களும் எழுத்தாளர்களும் மேசையில் உட்கார்ந்து தயாரித்து மக்கள் சொத்து என்று விற்பது போலி. அவர் கை நீட்டிக் காட்டிய முதல் குற்றவாளி பால் பன்யன் என்ற ராட்சத மரவெட்டி. இந்தப் பன்யன் கதைகள் நாடெங்கும் பரவியதற்கு, 1914 முதல் ஒரு மரக் கம்பெனிக்காக வில்லியம் லாஹெட் எழுதி வரைந்த விளம்பரச் சிறுநூல்களே பெருங்காரணம். பன்யனோடு திரியும் நீலநிற எருதுக்கு 'பேப்' என்று பெயர் வைத்தவரும் அவரே. மரவெட்டிகளின் முகாம்களில் பன்யன் பெயர் அதற்கு முன்பே வழங்கியது உண்மை. அந்தக் கரு சிறிது, விளம்பரம் பெரிது. மின்னசோட்டா மாநில பெமிட்ஜி ஊரார் 1937-இல் பன்யனுக்கும் எருதுக்கும் சிலையே எழுப்பிவிட்டார்கள்.

டோர்சனின் கோபம் நியாயமானதே. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் மாதக்கணக்கில் அலைந்து ஃபின்லாந்து, கார்ன்வால், பிரெஞ்சுக் கனடியக் குடியேறிகளிடம் கதை கேட்டவர் அவர். விளம்பரத் தாளை நாட்டார் இலக்கியம் என்று ஒருவர் நீட்டினால் அவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் அவர் கிழித்த கோடு நிற்கவில்லை. விஸ்கான்சின் மாநில ரைன்லாண்டர் ஊரைப் பாருங்கள். 1890-களில் அங்கே யூஜீன் ஷெப்பர்ட் என்ற குறும்புக்காரர், காட்டில் 'ஹோடாக்' என்ற கொம்பும் முதுகு முள்ளும் கொண்ட மிருகத்தைப் பிடித்துவிட்டதாகச் சொல்லி, 1896-இல் கண்காட்சியில் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். கூடாரத்தின் இருட்டில், மரத்தாலும் தோலாலும் செய்த பொம்மையைக் கம்பியால் ஆட்டினார்கள். குட்டு வெளிப்பட்ட பிறகும் ஊர் அதைக் கைவிடவில்லை. இன்று பள்ளி அணியின் பெயர் ஹோடாக். வரவேற்பு அலுவலக வாசலில் ஹோடாக். பொய் என்று தெரிந்தே எல்லோரும் சேர்ந்து சுமக்கிற கதை இது. ஷெப்பர்ட் நில வணிகரும்கூட. மரம் தீர்ந்துகொண்டிருந்த வட்டாரத்துக்கு ஆளைக் கூட்டிவர அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. டோர்சனின் அளவுகோலில் இது போலி. ஊராரின் அளவுகோலில் இது முகவரி.

ஆகவே 'அசலா, போலியா' என்ற கேள்வியால் அதிகம் பயனில்லை. கதையை யார் சொல்கிறார்கள், யார் பயப்படுகிறார்கள், யார் கல்லாவில் காசு விழுகிறது என்று கேட்பதே உருப்படியானது. அந்தக் கேள்வியோடு மேற்கு வர்ஜீனியாவின் பாயிண்ட் பிளசன்ட் ஊருக்குப் போகலாம். இத்துறையில் இதைவிடச் செறிவான இடம் வேறில்லை.

1966 நவம்பரில் இரண்டு இளம் தம்பதிகள் இரவில் ஊருக்கு வெளியே காரில் சுற்றிக்கொண்டிருந்தபோது, சிவந்து ஒளிரும் கண்களும் பெரிய சிறகுகளும் கொண்ட மனித உருவம் ஒன்றைக் கண்டதாகக் காவலர்களிடம் சொன்னார்கள். செய்தித்தாள்கள் அதற்கு 'மாத்மேன்', அதாவது அந்துப்பூச்சி மனிதன், என்று பெயர் சூட்டின. பேட்மேன் தொலைக்காட்சியில் ஓடிய ஆண்டு அது. பல்கலைக்கழக உயிரியலாளர் ஒருவர், பெரிய கொக்கு இனப் பறவை ஒன்று வழிதவறி வந்திருக்கும் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. 1967 டிசம்பர் 15 மாலை, ஓஹையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் வண்டிகளோடு நொறுங்கி விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். பூச்சி மனிதன் வந்தது அபசகுனம் என்றும், எச்சரிக்க வந்தான் என்றும், அவனே காரணம் என்றும் கதை வளர்ந்தது. எழுத்தாளர் ஜான் கீல் 1975-இல் இதைப் புத்தகமாக்கினார். 2002-இல் திரைப்படமும் வந்தது. அதே ஆண்டு ஊரில் திருவிழா தொடங்கிற்று, மறு ஆண்டு துருப்பிடிக்காத எஃகில் சிலை.

பாலம் விழுந்ததற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. 1928-இல் கட்டிய பாலத்தைத் தாங்கிய சங்கிலியில், ஓர் எஃகுப் பட்டையின் கண்ணில், ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே உள்ள விரிசல். ஒரு பட்டை போனால் தாங்க வேறு துணை இல்லாத வடிவமைப்பு. மேலே ஓடிய வண்டிகளோ, பாலம் கட்டிய காலத்துக் கார்களைவிட மிகவும் கனமானவை. இந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்கா முழுவதும் பாலங்களை முறையாகச் சோதிக்க 1968-இல் சட்டமும் 1971-இல் விதிமுறைகளும் வந்தன. இந்த உண்மைக்குச் சிலை இல்லை. சிறகு முளைத்தவனோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் கூட்டம் வருகிறது.

இதைச் சொல்லிவிட்டு ஊராரைப் பழிப்பது எளிது. நான் பழிக்கமாட்டேன். அந்த உருவத்தைக் கண்டதாகச் சொன்ன இடம் எது? இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்து தயாரித்த ஆலையின் கைவிடப்பட்ட நிலம். கான்கிரீட் கிடங்குகள் புல் மூடிக் கிடக்கும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் வெடிமருந்துக் கழிவு கலந்திருந்ததால், உடனடியாகத் தூய்மைப்படுத்த வேண்டிய நச்சிடங்களின் தேசியப் பட்டியலில் 1983-இல் அது சேர்க்கப்பட்டது. அந்த மண்ணில் ஏதோ சரியில்லை என்று கதை முன்பே சொல்லிவிட்டது, தவறான மொழியில். இன்னொரு கதையும் அங்கே உண்டு: 1777-இல் சமாதானம் பேசக் கோட்டைக்கு வந்த ஷானி இனத் தலைவர் கார்ன்ஸ்டாக்கைப் பிடித்துவைத்து, மகனோடு சேர்த்துக் கொன்றுவிட்டார்கள், சாகும்போது அவர் விட்ட சாபமே பாலம்வரை வந்தது என்று. சாபம் பிற்காலத்து ஒட்டு. கொலை உண்மை. கொன்றவர்களின் வாரிசுகள் அந்தக் கொலையை மறக்காமலிருக்கச் சாபக் கதைதான் வழி செய்தது. வழக்காற்றியலாளர் லிண்டா டேக், ஊர்க்கதை என்பது முடிந்த கதை அல்ல, நம்புகிறவனும் நம்பாதவனும் நடத்தும் விவாதம் என்று வாதிட்டவர். பாயிண்ட் பிளசன்ட்டில் அந்த விவாதம் பறவையைப் பற்றி மட்டுமன்று.

நியூஜெர்சியின் பைன் காடுகளில் கதை வேறு திசையில் ஓடுகிறது. லீட்ஸ் என்ற பெண்ணுக்கு 1735-இல் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, சிறகு முளைத்துப் புகைக்கூண்டு வழியே பறந்து போன 'ஜெர்சி சாத்தான்' அங்கே உலவுகிறது. பிரையன் ரீகலும் ஃபிராங்க் எஸ்போசிட்டோவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, வேரைச் சண்டையில் தேடுகிறது. டேனியல் லீட்ஸ் 1687-இல் வெளியிட்ட பஞ்சாங்கத்தில் சோதிடம் இருந்ததால் குவேக்கர் சபையார் பகைத்தார்கள், சாத்தானின் ஆள் என்று துண்டறிக்கை எழுதினார்கள். தொழில் போட்டியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அவர் மகன் டைட்டன் 1733-இல் செத்துவிடுவார் என்று கணித்து, சாகாத மனிதரை ஆவி என்று கேலி செய்தார். வசவு கெட்டிப்பட்டுப் பிசாசாகியது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது.

ஆனால் கவனிக்க வேண்டியது பின்கதை. காட்டுக்குள் கரிசுட்டும் பழம் பறித்தும் வாழ்ந்த ஏழை மக்களை வெளியார் 'பைனி' என்று இளக்காரமாக அழைத்தார்கள். 1913-இல் எலிசபெத் கைட் என்ற கள ஆய்வாளர் அவர்களை மந்தபுத்திக்காரர்கள் என்று அறிக்கை எழுத, மாநில ஆளுநர் அந்த வட்டாரத்தையே தனிமைப்படுத்த வேண்டும் என்று பேசினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 1909 ஜனவரியில், சாத்தானைக் கண்டதாகச் செய்தித்தாள்கள் ஒரு வாரம் கும்மாளமிட்டன. பிலடெல்பியாவில் கங்காருவுக்கு வண்ணமும் சிறகும் ஒட்டிக் காசு பார்த்தார் ஒருவர். காட்டில் பேய் இருக்கிறது என்ற பேச்சும் காட்டில் மனிதர்களே சரியில்லை என்ற அறிக்கையும் ஒரே நகரத்துக் கண்ணிலிருந்து புறப்பட்டவை. 1982 முதல் அந்தச் சாத்தான் ஐஸ் ஹாக்கி அணியின் பெயர். பைனி என்ற வசவையும் காட்டுக்காரர்களே பின்னாளில் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள்.

ஊர்க்கதை சமூகத்தை ஒன்றுசேர்க்கிறது என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். பிரிக்கவும் செய்யும். ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 1904 முதல் 'காஸ்பரில்லா' கடற்கொள்ளையர் விழா நடக்கிறது. ஹோசே காஸ்பர் என்ற அந்தக் கொள்ளையன் வாழ்ந்ததற்குச் சான்றே இல்லை. அவன் கதையைப் பரப்பியதில் ஒரு ரயில் கம்பெனியின் விளம்பரத் தாளுக்குப் பெரும்பங்கு. இல்லாத கொள்ளையனின் வேடத்தைப் போடும் உரிமை வெள்ளையர் சங்கம் ஒன்றுக்கு மட்டும் இருந்தது. 1991 விழாவுக்கு முன் கறுப்பர்களைச் சேர்க்கக் கோரி நெருக்கடி வந்தபோது, சேர்ப்பதைவிட அணிவகுப்பை நிறுத்துவதே மேல் என்று அவ்வாண்டு விழாவையே விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டுதான் இறங்கிவந்தார்கள்.

பயத்தை ஆயுதமாக்கியதன் வரலாற்றை வழக்காற்றியலாளர் கிளாடிஸ்-மேரி ஃபிரை 1975-இல் எழுதினார். அடிமைகள் இரவில் கூடவோ தப்பவோ கூடாது என்பதற்காக வெள்ளை முதலாளிகள் துணி போர்த்திப் பேய்வேடம் போட்டதும், அதே உத்தியைப் பின்னாளில் கு கிளக்ஸ் கிளான் கையிலெடுத்ததும், கறுப்பர்கள் நகரத்துக்குப் பெயர்ந்து போகாமலிருக்க 'இரவு மருத்துவர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள்' என்ற கதை பரவியதும் அதில் இருக்கின்றன. முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்களும், வாஷிங்டன் நகரில் அவரே கேட்டுப் பதிந்த நினைவுகளும் ஆதாரம். பயந்தவர்கள் பலர் ஏமாறவில்லை என்பதையும் அவர் காட்டுகிறார். துணிக்குள் இருப்பவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பேய்க்குப் பயப்படவில்லை, துப்பாக்கிக்குப் பயந்தார்கள். சிவப்புக் கண்களுக்காகத் திருவிழா நடத்தும் துறை இதை ஓரத்தில் வைத்திருப்பது சரியல்ல.

விலைக்கு வராத ஊர்க்கதையும் உண்டு. அரிசோனாவின் மேற்கு அப்பாச்சி மக்களிடையே பல்லாண்டு பழகிய மானிடவியலாளர் கீத் பாஸோ, ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறார். சடங்கொன்றுக்குத் தலைமுடியில் பிளாஸ்டிக் சுருளிகளோடு வந்து நின்றாள். யாரும் திட்டவில்லை. சில வாரம் கழித்துப் பாட்டி, வெள்ளைக்காரன் போல நடந்துகொண்ட ஓர் அப்பாச்சிக் காவலனின் கதையை, அது நடந்த இடத்தின் பெயரோடு சபையில் சொன்னாள். பெண் பேசாமல் எழுந்து போய்விட்டாள். இரண்டு ஆண்டு கழித்து அந்த இடத்தைக் கடந்து போகும்போது, அது தினமும் தன்னைத் துரத்துவதாகப் பாஸோவிடம் சொன்னாளாம். இங்கே சிலையும் இல்லை, சீட்டும் இல்லை. மண்ணே கண்டிக்கிறது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது, எல்லாம் விற்றுத் தீர்த்த அமெரிக்கச் சேலம். 1692-இல் சூனியக் குற்றம் சாட்டி 20 பேரைக் கொன்ற ஊரில், இன்று காவல் வண்டி சூனியக்காரிப் படத்தோடு ஓடுகிறது. தூக்கிலிட்ட மேடு இதுதான் என்று ஆய்வாளர்கள் 2016-இல்தான் உறுதிசெய்தார்கள். அது ஒரு மருந்துக்கடைக்குப் பின்புறம் இருந்தது. மறு ஆண்டு அங்கே நினைவிடம் எழுந்தது. அதுவரை சூனியக்காரித் தொப்பி விற்றவர்களுக்கு மேடு எங்கே என்று தேடத் தோன்றவில்லை.

இத்துறைக்குள் புதிதாக நுழைகிற தமிழ் வாசகர் பன்யனிலும் பூச்சி மனிதனிலும் தொடங்க வேண்டாம். முதலில் ஃபிரையைப் படியுங்கள். அடுத்து ஹர்ஸ்டன், பாஸோ. அவற்றைப் படித்த பிறகு கீலின் புத்தகத்தை எடுத்தால், பயம் யாருடையது, லாபம் யாருக்கு என்று கேட்டுக்கொண்டே படிக்க முடியும்.