அன்பும் பாக்கியும்

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறையில் 33 ஆண்டுகள் பெயர் இல்லை. 1937 செப்டம்பர் 26 அன்று, மிசிசிப்பியில் நடந்த ஒரு கார் விபத்துக்குப் பின் அவர் இறந்தார். பிலடெல்பியாவில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் திரண்டு வந்தார்கள். அத்தனை பேர் அழுது அனுப்பிவைத்தவர் கிடந்த இடத்தில் 1970 ஆகஸ்டில்தான் ஒரு கல் நடப்பட்டது. செலவை ஏற்றவர்கள் இருவர். ஒருவர், பெஸ்ஸியின் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாடக் கற்ற வெள்ளைக்காரப் பாடகி ஜானிஸ் ஜாப்லின். மற்றவர், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்த ஹ்வானிட்டா கிரீன்.

கல் இல்லாத அந்த ஆண்டுகளில் பெஸ்ஸிக்குச் சொற்களால் ஆன அஞ்சலிகளுக்குக் குறைவே இருந்ததில்லை. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது உண்மை அல்ல.

அதை எழுதியவர் ஜான் ஹேமண்ட். 1933இல் பெஸ்ஸியின் கடைசிப் பதிவைத் தயாரித்தவர். அந்தக் குரலின் அருமையை உள்ளபடி உணர்ந்தவர். பெஸ்ஸி இறந்த சில வாரங்களில் 'டவுன்பீட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, வெள்ளையர் மருத்துவமனை சேர்த்துக்கொள்ள மறுத்ததால்தான் பெஸ்ஸி ரத்தம் வடிந்து இறந்தார் என்ற பேச்சை அச்சேற்றியது. தலைப்பில் ஒரு கேள்விக்குறி இருந்தது. வாசித்தவர்கள் மனதில் அந்தக் கேள்விக்குறி நிற்கவில்லை. எட்வர்ட் ஆல்பி இதை வைத்து ஒரு நாடகமே எழுதினார். பெஸ்ஸியைப் பற்றி 1972இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலில் கிறிஸ் ஆல்பர்ட்சன், விபத்து நடந்த இடத்திலேயே பெஸ்ஸிக்கு முதலுதவி செய்த மருத்துவர் ஹ்யூ ஸ்மித்தின் வாக்குமூலத்தைக் கொண்டு நடந்ததை நேர்செய்தார். பெஸ்ஸியை எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பவில்லை. கிளார்க்ஸ்டேல் ஊரில் கறுப்பர்களுக்கென்று இருந்த மருத்துவமனைக்குத்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோகலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவே முடியாது. கதையைவிட இந்த உண்மை கொடியது. வாசலில் நின்று மறுக்க ஒரு கொடியவன்கூடத் தேவைப்படாத அளவுக்கு ஏற்பாடு முழுமையாக இருந்தது.

ப்ளூஸ், சோல் இசைக் கலைஞர்களுக்கு எழுதப்படும் தனிப்பட்ட அஞ்சலிகளைப் பல வருடங்களாக விரும்பி வாசித்துவருகிறேன். இந்த இசைக்குள் என்னை அழைத்து வந்தவையே அவைதான். அதனால்தான் அவற்றின் குறை என்னை உறுத்துகிறது. அன்பு மிகுந்து எழுதுகிறவர் கலைஞனின் துயரத்துக்கு ஓர் உருவம் தேடுகிறார். கண்ணில் நிற்கும்படியான ஒரு காட்சி வேண்டியிருக்கிறது. மருத்துவமனை வாசல் அப்படிப்பட்ட காட்சி. ஆனால் பெஸ்ஸிக்கு நிகழ்ந்த நீண்டகால அநீதி வாசலில் நடக்கவில்லை. கொலம்பியா நிறுவனத்துக்கு அவர் பாடிக்கொடுத்த 160 பதிவுகளுக்கும் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி மட்டுமே பேசப்பட்டிருந்தது, ராயல்டி இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு வரியை நாடகமாக்க முடியாது என்பதால் அஞ்சலிகளில் அது இடம்பெறுவதில்லை.

ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் பற்றிய கதையும் இதே வகை. 1964 ஜூனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் சிகாகோவில் தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120 எண்ணுள்ள கட்டடத்துக்குப் போனார்கள். அதுதான் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோ. தாங்கள் தெய்வமாக நினைத்த மடி வாட்டர்ஸ் அங்கே ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்று அந்தக் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் பல முறை சொல்லியிருக்கிறார். நிறுவனரின் மகன் மார்ஷல் செஸ் இதை அடியோடு மறுக்கிறார். மடி அந்த நிறுவனத்தின் முதன்மைக் கலைஞர். கோட்டு சூட்டில் கம்பீரமாக நடந்துவருவதற்குப் பேர்பெற்றவர். ரிச்சர்ட்ஸ் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. குரு அவமானப்பட்டதைத் தாம் நேரில் கண்டதாகச் சொல்வதில் ஒரு சீடனின் குற்றவுணர்வும் பாசமும் கலந்திருக்கின்றன. ஆனாலும் அந்த ஏணி உண்மையான இடத்தை மறைத்துவிடுகிறது. செஸ் சகோதரர்கள் பங்குதாரர்களாக இருந்த ஆர்க் மியூசிக் என்ற பாடல் உரிமை நிறுவனம் தங்கள் பாடல்களுக்கு உரிய பணத்தைத் தரவில்லை என்று மடி வாட்டர்ஸும் பாடலாசிரியர் வில்லி டிக்சனும் 1970களில் வழக்குப் போட்டார்கள். வெள்ளையடிக்கும் வாளியை நினைவு வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வழக்கு தெரியும்?

அப்படியானால் தனிப்பட்ட அஞ்சலியையே விட்டுவிட்டு, தேதியும் தகவலும் அடங்கிய குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாமா? கூடாது. ஸ்டான்லி பூத் எழுதியதைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மெம்ஃபிஸ் நகரின் ஃபர்ரி லூயிஸ் 1920களின் இறுதியில் இசைத்தட்டுகள் பதிவு செய்தவர். அதன்பின் பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை. இசைத்தட்டுக் காலத்துக்கு முன்பே ரயில் விபத்தில் ஒரு காலை இழந்திருந்த அவர், மரக்காலோடு நகராட்சியின் தெருக்கூட்டும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1970இல் அச்சான கட்டுரையில் பூத் அவரை விடிவதற்கு முன் துடைப்பத்தோடு பீல் தெருவில் காட்டுகிறார். பார்த்தால் இதுவும் மடியின் ஏணியைப் போன்ற காட்சிதான். வேறுபாடு, இது நடந்தது என்பதில் மட்டும் இல்லை. பூத் அவரோடு நடக்கிறார், காத்திருக்கிறார், என்ன வேலை, எந்தத் தெரு என்று கவனிக்கிறார். இரக்கப்படச் சொல்லி நம்மைப் பிடித்துத் தள்ளுவதில்லை. 1967 டிசம்பரில் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கும் கிதார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் படகுத்துறையைப் பற்றிய ஒரு பாட்டை உருவாக்கியபோதும் பூத் அங்கே இருந்தார். சில நாட்களில் விமானம் ஏரியில் விழுந்து ரெடிங் இறந்துபோனார். 'நான் அங்கே இருந்தேன்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை அந்த எழுத்தில் உணரலாம். எந்தக் கலைக்களஞ்சியமும் அதைத் தரமுடியாது.

இதே ஃபர்ரி லூயிஸைப் பற்றிப் பாடகி ஜோனி மிட்செல் ஒரு பாட்டு எழுதினார். 1976இல் வெளிவந்த 'ஹெஜிரா' தொகுப்பில் அது இருக்கிறது. மெம்ஃபிஸுக்குப் போய்க் கிழவரை நேரில் பார்த்துவிட்டு எழுதியது. நல்ல பாட்டு. தம்மை ஃபர்ரிக்குப் பிடிக்கவில்லை என்பதைக்கூட மிட்செல் அதில் மறைக்கவில்லை. ஆனால் ஃபர்ரிக்குக் கோபம் வந்தது. தம் பெயரையும் வாழ்க்கையையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார், அதற்குத் தமக்குப் பணம் தரவேண்டும் என்றார். வெகுகாலம் இதைக் கிழவரின் முணுமுணுப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அவர் சொன்னதில் இந்த அஞ்சலி மரபு முழுவதற்குமான விமர்சனம் இருப்பதாகத் தோன்றுகிறது. வறுமையில் இருப்பவரைப் பற்றிய பாட்டு, எழுதியவருக்கு ராயல்டி கொண்டுவருகிறது. பாட்டின் நேர்மை இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

கலைஞர்கள் கலைஞர்களுக்குச் செய்யும் அஞ்சலியில் இந்தச் சிக்கல் குறைவு. 1964 டிசம்பரில் சோல் பாடகர் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு வந்த 'ஓட்டிஸ் ப்ளூ' தொகுப்பில் ரெடிங் அவருடைய மூன்று பாட்டுகளைப் பாடினார், முழுக்கத் தம் கரகரத்த பாணியில். சாம் குக்கின் வழவழப்பைப் போலி செய்ய ஒரு முயற்சியும் இல்லை. ரெடிங் இறந்தபோது க்ராப்பர் செய்ததும் வேலைதான். நண்பனின் உடல் அடக்கமாவதற்குள் படகுத்துறைப் பாட்டான அந்தக் கடைசிப் பதிவில் அலையோசையையும் கடற்பறவைகளின் ஒலியையும் சேர்த்து முடித்துக் கொடுத்தார்.

இசைத்தட்டுத் தயாரிப்பாளர்களுக்கான அஞ்சலிதான் மிகக் கடினம். இவர்களை வள்ளல்களாகவோ கொள்ளைக்காரர்களாகவோ எழுதிவிடுவது எளிது. அட்லாண்டிக் நிறுவனத்தை 1947இல் தொடங்கியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டெகன் இரண்டிலும் அடங்காதவர். துருக்கித் தூதரின் மகன். வாஷிங்டனின் நிறவேற்றுமைக்கு நடுவே கறுப்பின இசையைத் தேடித் தேடிக் கேட்டு வளர்ந்தவர். 2006 டிசம்பர் 14 அன்று அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகள் அவருடைய காது, ரசனை, கண்ணாடி, பேச்சு என்று பக்கம் பக்கமாகப் போற்றின. அவை எல்லாம் உண்மை. அதற்கு நான்கு வாரங்கள் முன்பு, நவம்பர் 17 அன்று, பாடகி ரூத் பிரவுன் இறந்திருந்தார். 'ரூத் கட்டிய வீடு' என்று அட்லாண்டிக்குக்குப் பட்டப்பெயர் வரக் காரணமானவர். விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே 1949இல் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர். அவருடைய வெற்றிப் பாட்டுகளால்தான் 1950களில் அட்லாண்டிக் காலூன்றியது. 1960களில் அவர் வீட்டுவேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஸ்டுடியோ செலவு, வாத்தியக்காரர் கூலி எல்லாம் அவர் பற்றில் எழுதப்பட்டு, நிறுவனத்தின் ஏட்டில் அவர் கடன்காரராகவே இருந்தார். எர்டெகன் அஞ்சலிகளில் இதைச் சொல்லாமல் விட்டவர்கள் அவருக்கு மரியாதை செய்ததாக நினைத்திருக்கலாம். அவரை முழு மனிதராக எழுதும் வாய்ப்பைத்தான் இழந்தார்கள்.

2007 டிசம்பர் 10 அன்று லண்டனின் ஓ2 அரங்கில் எர்டெகன் நினைவாக லெட் செப்பலின் ராக் குழு மீண்டும் ஒன்றுகூடி வாசித்தது. நவம்பரில் நடக்கவேண்டியது, அதன் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜின் விரல் காயத்தால் தள்ளிப்போய் அந்தத் தேதியில் வந்து நின்றது. அன்றைக்கு ரெடிங் இறந்து சரியாக 40 ஆண்டுகள். ரெடிங்கின் மூலப்பதிவுகள் யாருக்குச் சொந்தம்? அவரை வளர்த்த ஸ்டாக்ஸுக்கு அல்ல, விநியோகித்த அட்லாண்டிக்குக்கு. 1965இல் முழுதாகப் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருந்ததை, 1968இல் பிரிய நேர்ந்தபோதுதான் ஸ்டாக்ஸ் நிறுவனர் ஜிம் ஸ்டூவர்ட் உணர்ந்தார். ஓ2 அரங்கின் அந்த இரவு இறுதியில் ரசிகர்கள் கேட்டு வாங்கிய பாட்டுகளில் ஒன்று, மடி வாட்டர்ஸ் 1962இல் பதிவு செய்த வில்லி டிக்சன் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. டிக்சன் வழக்குப் போட்டு, 1987இல் சமரசமான பின்புதான் அவர் பெயர் அதில் ஏறியது. வாசிப்பு அபாரம் என்கிறார்கள், பதிவைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரே மேடையில் இத்தனை பாக்கிகள் வந்து நின்றதை யாராவது ஒருவர் மேடையில் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

ரூத் பிரவுனுக்கு நடந்த ஓர் அஞ்சலியைச் சொல்லவேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஹவல் பெகிள் என்ற வழக்கறிஞர், சிறுவயது முதல் அவருடைய ரசிகர், நிகழ்ச்சி முடிந்ததும் கையெழுத்து வாங்க இசைத்தட்டுகளோடு போனார். வெளிநாட்டில் அச்சானவை, நல்ல விலை கொடுத்து வாங்கியவை. இவற்றிலிருந்து தமக்கு ஒன்றும் வருவதில்லை என்றார் ரூத். பெகிள் கட்டணம் வாங்காமல் வழக்கைக் கையில் எடுத்தார். வருடக்கணக்கில் பழைய ஒப்பந்தங்களைப் புரட்டினார். 1988இல் அட்லாண்டிக் ரூத் உள்ளிட்ட பல கலைஞர்களின் பழைய கடனைத் தள்ளுபடி செய்து, 20 ஆண்டு ராயல்டியை முன்தேதியிட்டுக் கொடுத்தது. நலிந்த மூத்த கலைஞர்களுக்கு உதவ ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளை தொடங்க நிதியும் தந்தது. ரூத் அப்போது உயிரோடு இருந்தார். காசோலை அவர் கைக்கே வந்தது.