சிறுவர் சித்திரமும் காட்சிச் சுவரும்: சிஸெக், றீட், டிக்கர் — சில விமர்சனக் குறிப்புகள்

சிறுவர் வரைந்தவற்றைச் சுவரிலே தொங்கவிட்டுப் பெரியோர் பார்த்து மகிழும் வழக்கம் மிக அண்மைக் காலத்ததாகும். குழந்தைகள் எக்காலத்திலும் மண்ணிலும் சுவரிலும் கீறியே வந்துள்ளனர். ஆயின் அக்கீறல்களைக் 'கலை' எனப் பெயரிட்டுப் பேணத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஐரோப்பிய மத்தியதர வர்க்கமே. ஆரம்பப் பாடசாலைச் சித்திரக் கல்வி பற்றி இன்றும் நம்மிடையே வழங்கும் 'சுயவெளிப்பாடு', 'தூய கற்பனை' முதலாய தொடர்களின் ஊற்றுக்கண் அங்கேயே உள்ளது. அத்தொடர்கள் எத்தகைய கருத்துநிலையைச் சுமந்து வந்தன என்பதை ஆராய்வது பயனுடையது.

இத்துறையின் முன்னோடியாக விதந்துரைக்கப்படுபவர் பிரான்ஸ் சிஸெக். 1897இல் வியன்னாவில் இவர் தொடங்கிய சிறுவர் கலை வகுப்பு, அக்காலப் பாடசாலைகளில் நிலவிய நகல் வரைதலுக்கு எதிரான கலகமாகும். மாதிரியுருவை அளவு பிசகாது பிரதி செய்யும் பயிற்சி, கைத்தொழில் முதலாளித்துவத்துக்கு வேண்டிய பணிவான கையை உருவாக்குவதற்கே பெரிதும் உதவிற்று. சிஸெக் அதனைப் புறக்கணித்தார். வளர்ந்தோர் கலையின் செல்வாக்கினின்றும் குழந்தையைக் காத்தலே ஆசிரியரின் கடமை என்றார். இது அவருடைய முற்போக்கான பக்கம்.

எனினும் அவ்வகுப்பின் ஆக்கங்களை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. தட்டையான வண்ணப் பரப்பு, தெளிவான புறக்கோடு, தாளை நிரப்பி நிற்கும் உருவம், பூவேலை அலங்காரம் என ஒரே சாயல் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றது. சிஸெக் வியன்னாவின் பிரிவினைவாதக் கலைஞர் குழுவினருடன் நெருங்கிய தொடர்புடையவர். கிளிம்ற் முதலானோரின் நகரம் அது. அந்நகரின் அலங்காரப் பாணியே குழந்தைகளின் கைகளிலும் வந்து அமர்ந்தது. ஆசிரியர் வாய் திறந்து கற்பிக்காவிடினும், அவர் எந்தத் தாளைப் பாராட்டி முன்னே வைத்தாரோ அந்தத் தாள் கற்பித்தது. தெரிவு என்பதும் ஒரு போதனைமுறையே என்பது மனங்கொளத்தக்கது.

இத்தெரிவின் சமூக முகம் 1920இல் இலண்டனில் நிகழ்ந்த கண்காட்சியிற் புலனாயிற்று. முதலாம் உலகப் போரின் பின் வியன்னா பட்டினி கிடந்தது. 'குழந்தைகளைக் காப்போம்' நிதியத்துக்குப் பொருள் திரட்டும்பொருட்டு, நிவாரணப் பணியாளரான பிரான்செஸ்கா வில்சனின் முயற்சியால் சிஸெக்கின் மாணாக்கர் ஆக்கங்கள் அங்கு காட்டப்பட்டன. அச்சுப் பிரதிகளும் விற்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது, அதனை ஏளனஞ் செய்தல் தகாது. ஆயின் பட்டினி நகரத்தின் குழந்தைகள் வெற்றி பெற்ற நகரத்துக்கு எதைக் காட்டினர்? பனிக்காலம், நத்தார், வசந்தம், விளையாட்டு. ஈகை செய்வோர் மனங்குளிரப் பசியுள்ள குழந்தை மகிழ்ச்சியை வரைந்து அனுப்பவேண்டியிருந்தது. பாணின்றி வரிசையில் நின்ற குழந்தை அவ்வரிசையை வரைந்திருந்தால் அத்தாள் கண்காட்சிக்குத் தெரிவாகியிருக்குமா என்னும் வினாவை எழுப்பாது அதன் வெற்றியை மதிப்பிட முடியாது.

ஹேர்பட் றீட் இக்கருத்துநிலைக்குத் தத்துவ உடை அணிவித்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிரித்தானியக் கவுன்சில் வெளிநாடுகளுக்கு அனுப்பவிருந்த சிறுவர் சித்திரங்களைத் தெரிவு செய்கையில், கேம்பிரிஜ் பகுதிக் கிராமமொன்றைச் சேர்ந்த ஐந்து வயதுத் தொழிலாளர் வீட்டுச் சிறுமியொருத்தி வரைந்த, உலகைச் சுற்றிய பாம்பும் படகும் கொண்ட சித்திரம் அவரை ஆட்கொண்டது. யுங் கூறிய ஆதிப்படிமத்தை அதிற் கண்டார். 1943இல் வெளிவந்த 'கலைவழிக் கல்வி'யில் சிறுவர் சித்திரங்களை எட்டு வகைகளாகப் பகுத்து, அவற்றை உளவியல் வகைகளோடு பொருத்தினார். நூலின் விரிவும் ஆர்வமும் மறுக்கவொண்ணாதவை. ஆனால், அச்சிறுமியின் பாம்பு மனித குலத்தின் பொது நனவிலியிலிருந்து வந்ததெனக் கூறியவுடன் அவள் வீடு, ஊர், கேட்ட கதைகள், போர் ஆகிய அனைத்தும் வெறும் தற்செயல்களாகி மறைந்துவிடுகின்றன. குழந்தையைப் போற்றும் பாவனையில் அதன் வரலாறு பறிக்கப்படுகின்றது. இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1930இல், வைகொட்ஸ்கி சிறுவரின் கற்பனை பற்றிய சிறு நூலொன்றில் இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்திருந்தார். கற்பனை அனுபவத்தினின்றே தன் மூலப்பொருளைப் பெறுகின்றது. ஆகவே அனுபவம் வறியதாயின் கற்பனையும் வறியதாகும் என்பது அவர் வாதம். றீட்டின் எட்டு வகைகளைவிட இவ்வொரு கருத்து வகுப்பறைக்கு அதிகம் உதவும் என்பது என் துணிபு.

நமது நாட்டுக்கும் இத்தாராளவாதப் போக்கு குடியேற்ற ஆட்சியின் கல்வித் திணைக்களம் வழியாகவே வந்தது. 1920களிற் சித்திரப் பரிசோதகராகவிருந்த சி. எப். வின்சரின் பெயராலேயே எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் அமைத்தார். நகல் வரைதலினின்றும் விடுதலை என்னும் அளவில் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பரிசளிப்பு விழாவன்று மண்டபச் சுவரில் ஏறுவன எவருடைய தாள்கள் என்று எண்ணிப் பார்ப்பின், நீர்வண்ணப் பெட்டி வாங்க இயன்ற வீட்டுப் பிள்ளைகளின் தாள்களே பெரும்பாலும் அங்கிருக்கக் காணலாம். இதனை விரித்தல் வேண்டா. ஆசிரியராயுள்ள வாசகர் அறிவர்.

இவ்விடத்திலே கொச்சை மார்க்சியர் சிலர், சிறுவர் கண்காட்சி யாவும் முதலாளித்துவ அலங்காரமே எனத் தள்ளிவிடக்கூடும். அது பிழை என்பதற்கு சிஸெக்கின் வகுப்பிலே பயின்ற ஒருவரின் வாழ்வே சான்று. 1898இல் வியன்னாவிற் பிறந்த பிரீடல் டிக்கர், சிஸெக்கிடமும் பின்னர் பௌஹவுஸ் பள்ளியிலும் பயின்றவர், கம்யூனிஸ்ற், பாசிச எதிர்ப்புச் சுவரொட்டிகளை ஆக்கியவர், 1934இற் கைதாகிப் பின்னர் பிராக் நகருக்குப் பெயர்ந்தவர். 1942 டிசெம்பரில் நாஜிகள் அவரை தெரேசின் யூதச் சிறைநகருக்கு அனுப்பினர். அனுமதிக்கப்பட்ட பொதியினுள் சித்திரப் பொருள்களையும் எடுத்துச் சென்றார். அங்கே சிறுவர் விடுதிகளில், பயன்படுத்திய அலுவலகப் படிவங்களின் மறுபக்கத்திலும் பொதி கட்டும் தாளிலும் வரையவும் ஒட்டவும் கற்பித்தார்.

சிஸெக்கிடமிருந்து அவர் பெற்றதும் விலகியதும் கவனத்துக்குரியன. குழந்தையின் தாளிலே ஆசிரியரின் கை படலாகாது என்பதை அவர் கைவிடவில்லை. ஆனால் வளர்ந்தோர் கலையை மறைக்கவுமில்லை. பழைய ஓவியர்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டி, அவற்றின் ஒழுங்கமைப்பைத் துண்டுத் தாள்களால் மீட்டுருவாக்கச் செய்தார். மரபு குழந்தையைக் கெடுக்கும் நஞ்சன்று, உழைப்பாளர் பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய சொத்து என்னும் நிலைப்பாட்டுக்கு இது மிக நெருங்கியது. சிறுவரை ஓவியராக்குவது தம் நோக்கமன்று என்றும் தெளிவாக்கினார். ஒவ்வொருவரும் தம் தாளிற் பெயரெழுதவேண்டும் என வற்புறுத்தினார். மனிதரை இலக்கமாக்கிய இடத்திலே பெயரெழுதுதல் சித்திரப் பாடத்தின் ஓர் அங்கமாயிற்று.

1943இல், றீட்டின் நூல் இலண்டனில் வெளிவந்த அதே ஆண்டில், டிக்கர் தெரேசினுக்குள்ளேயே சிறுவர் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். அதனைப் பார்த்தோரும் கைதிகளே. வரைந்தோரும் பார்த்தோரும் ஒரே விதியைப் பகிர்ந்துகொண்ட கண்காட்சி அது. ஈகையாளர் இல்லை, விலை இல்லை. அடுத்த ஆண்டு யூன் 23இல் அதே நகரில் வேறொரு காட்சியும் நடந்தது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் வருகையை முன்னிட்டு நாஜிகள் வீதிகளை அழகுபடுத்திச் சிறுவரைக் கொண்டு இசைநாடகமும் நிகழ்த்திக் காட்டினர். வந்தோர் கண்டு திரும்பினர். மகிழ்ச்சியான குழந்தையைக் காட்டுதல் எத்துணைக் கொடிய அதிகாரத்துக்கும் துணைபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் இல்லை. இலண்டன் கண்காட்சியையும் இதனையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. ஆயினும் இரண்டிலும் பார்வையாளன் எதைக் காணவேண்டும் என்பதைத் தீர்மானித்தோர் குழந்தைகள் அல்லர்.

1944 ஒற்றோபரில் டிக்கர் அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். புறப்படுமுன் ஏறத்தாழ 4,500 தாள்களை இரு பெட்டிகளுள் மறைத்துச் சென்றிருந்தார். சிறுமியர் விடுதிப் பொறுப்பாளராகவிருந்த வில்லி குரோக் 1945இல் அவற்றைப் பிராக்கிற் சேர்ப்பித்தார். இன்று அவை அங்குள்ள யூத நூதனசாலையில் உள்ளன. வரைந்த சிறுவருட் பெரும்பாலோர் உயிர் தப்பவில்லை. அத்தொகுதியில் வீடும் மேசையும் பூச்சாடியும் உண்டு. மூன்றடுக்குப் படுக்கைகளும் உண்டு. அழகானவையும் முற்றுப்பெறாதவையும் கைவராதவையும் ஒன்றாகவே கிடக்கின்றன. டிக்கர் சிறந்தவற்றைப் பொறுக்கி மற்றவற்றை எறிந்துவிடவில்லை.